சீட்டுக்கு அடியில் தொங்கும் கப்ளர்

பைக் சீட்டைக் கழற்றினால், பேட்டரி பக்கத்தில் எதிலும் மாட்டாத ஒரு கப்ளர் தெரியும். பல வண்டிகளில் வாயில் ரப்பர் மூடி போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு இரண்டே யோசனைதான் வருகிறது. “கம்பெனிக்காரன் மாட்ட மறந்துட்டான்” என்பது ஒன்று. “சும்மாதானே கிடக்கு, இதுல இருந்தே லைட்டுக்குக் கரண்ட் எடுத்துக்கலாம்” என்பது இன்னொன்று. இரண்டாவது யோசனைதான் பணத்தைத் தின்கிறது.

எங்கள் தெருவில் உணவு டெலிவரி பண்ணும் ஒரு பையன். வண்டி வாங்கி ஏழு மாதம். செல்போன் சார்ஜர் வைக்க ரோட்டோரக் கடைக்குப் போனான். மெக்கானிக் அந்தக் கப்ளரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டியது. “லைன் வருது தம்பி” என்று ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார். கூலி 150 ரூபாய். நாலாம் நாள் மழையில் இன்ஜின் விளக்கு எரிந்தது. மறுநாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் சீட்டைத் தூக்கிய கையோடு சொல்லிவிட்டார்கள்: “வாரண்டி கிடையாது.”

அது டயக்னாஸ்டிக் கப்ளர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 கட்டாயமானதும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, பெட்ரோலை அளந்து விடும் வேலை ஈ.சி.யூ. பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியிடம் கோளாறைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் வாய்தான் இது. மற்ற நாளெல்லாம் சும்மா தொங்குவதுதான் அதன் வேலை. இதில் ஒரு வில்லங்கம், ஈ.சி.யூ. பேசுகிற ஒயரிலும் மீட்டர் பேட்டரி வோல்ட்டைக் காட்டக்கூடும். மீட்டர் இழுப்பது துளிக் கரண்ட், சார்ஜர் அப்படியில்லை. மீட்டரில் 12 வந்தால் அது கரண்ட் எடுக்க அனுமதி என்று அர்த்தமில்லை. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் ஒயரில் 12 வோல்ட் தொட்டுவிட்டால் கதை இன்னும் மோசம்.

எல்லாக் கப்ளரும் இதுவல்ல. ஒரே ஒயரிங் கிட்டைப் பல மாடலுக்குப் போடுவதால், உங்கள் மாடலில் இல்லாத அலாரத்துக்கோ வேறு ஆக்சசரிக்கோ விட்ட வாயாகவும் இருக்கலாம். மூடியே இல்லாமல், உள்ளே சேறு அப்பி, பக்கத்திலேயே ஜோடி கப்ளரும் தொங்கினால் அது நிஜமாகவே கழன்று வந்தது. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பின் விளக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒயர் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். ஹோண்டாவில் எர்த் பச்சை, யமஹாவில் கறுப்பு. ஒரு கம்பெனி வண்டியில் கற்றதை இன்னொன்றில் காட்டினால் புகைதான் வரும்.

பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? ஓனர் மேனுவலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில், “சீட்டுக்கு அடியில் மாட்டாமல் இருக்கும் கப்ளர் எதற்கானது என்று பார்த்துச் சொல்லவும்” என்று எழுதச் சொல்லுங்கள். அட்வைசர் வாயால் பதில் சொல்லிவிட்டு நகரப் பார்ப்பார். விடாதீர்கள். ஒயரிங் படம் அவர்களிடம் இருக்கிறது; பார்த்து எழுத ஐந்து நிமிஷம் போதும். ஆக்சசரி வாய்தான் என்றால் எத்தனை வாட் தாங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். 40 வாட் விளக்கு இரண்டு மாட்டினால் ஏறக்குறைய 7 ஆம்பியர் போகும். மெல்லிய ஒயர் அதில் சூடாகி இளகும், ஆனால் 20 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் அசையாது. விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ், ரிலே.

இனி வாரண்டி. அந்தப் பையனுக்கு எரிந்த ஈ.சி.யூ.வைக் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சர்வீஸ் சென்டர் அதோடு நிற்கவில்லை. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவதைக் காட்டியதும், “ஒயரைத் தொட்டாச்சு, இனி முழு வண்டிக்கும் வாரண்டி இல்லை” என்றார்கள். சீட்டுக்கு அடி ஒயருக்கும் ஃபோர்க் ஆயில் சீலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கவுண்டரில் கத்திவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கத்தாதீர்கள், எழுதி வாங்குங்கள். வாரண்டி புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால் அன்றே டீலருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சேஸிஸ் எண், வாங்கிய தேதி, ஜாப் கார்டு எண், படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு வருஷம். “பார்க்கிறோம் சார்” என்று அவர்கள் இழுக்கும் நாளெல்லாம் உங்கள் கெடுவில்தான் கழிகிறது.

வண்டி தீப்பிடித்திருந்தால் வழி வேறு, அது இன்சூரன்ஸ். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிக்கு உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசி இருந்தால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் பிரிக்கக் கூடாது. பிரிக்கக் கூடாது என்றால் டேப்பைக்கூட உரிக்கக் கூடாது. வெளியே மாட்டிய விளக்கு, சார்ஜரை முன்கூட்டியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிப் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. கிளெய்மை மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கும் கட்டணம் கிடையாது.

பையனிடம் எரிந்த ஈ.சி.யூ. எங்கே என்று கேட்டேன். சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டானாம். வாரண்டி இல்லை என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு மாற்றினால், கழற்றிய சாமான் உங்களுடையது. அதைக் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு, பில்லோடு வைத்திருங்கள். எதனால் எரிந்தது என்று ஆணையம் கேட்டால் காட்ட வேறெதுவும் இருக்காது. 150 ரூபாய்க்கு அந்த மெக்கானிக்கிடம் ரசீது வாங்கினாயா என்றும் கேட்டேன்.

“அந்தக் கடைக்கு ரசீதாண்ணே?” என்று சிரித்தான்.