உருகுநிலையும் அழுத்தமும்

ஒரு திண்மப் பொருள் நீர்மமாக மாறும் வெப்பநிலை அதன் உருகுநிலை எனப்படும். இவ்வெப்பநிலை ஒரு பொருளுக்கு எப்போதும் மாறாத எண் அன்று. அப்பொருளின் மீது செயற்படும் அழுத்தத்தைப் பொறுத்து அது கூடவோ குறையவோ செய்யும். பாடநூல்களில் தரப்படும் உருகுநிலைகள் பொதுவாக 1 வளிமண்டல அழுத்தத்தில் (101,325 பாசுக்கல்) அளக்கப்பட்டவை. அழுத்தம் கூடும்போது பெரும்பாலான பொருள்களின் உருகுநிலை உயர்கிறது. பனிக்கட்டி, பிசுமத், காலியம் முதலிய சிலவற்றின் உருகுநிலை தாழ்கிறது. உருகும்போது பொருள் விரிவடைகிறதா, சுருங்குகிறதா என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஆகும். புவியின் உட்கரு திண்மமாக இருப்பதும், கடலடியில் பாறைக்குழம்பு உருவாவதும் இவ்விளைவோடு தொடர்புடையவை.

நிலை வரைபடம்

ஒரு பொருள் எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் திண்மம், நீர்மம், வளிமம் ஆகிய நிலைகளுள் எதில் இருக்கும் என்பதைக் காட்டும் படம் நிலை வரைபடம் ஆகும். இதில் கிடை அச்சு வெப்பநிலையையும், குத்தச்சு அழுத்தத்தையும் குறிக்கும். மூன்று நிலைகளுக்கும் உரிய பகுதிகளை மூன்று கோடுகள் பிரிக்கின்றன. திண்மத்தையும் வளிமத்தையும் பிரிப்பது பதங்கமாதல் கோடு. நீர்மத்தையும் வளிமத்தையும் பிரிப்பது ஆவியாதல் கோடு. திண்மத்தையும் நீர்மத்தையும் பிரிப்பது உருகுகோடு. ஒரு கோட்டின் மீதுள்ள எந்தப் புள்ளியிலும் அதன் இருபுறமும் உள்ள நிலைகள் சமநிலையில் சேர்ந்திருக்கும்.

மூன்று கோடுகளும் சந்திக்கும் இடம் மும்மைப் புள்ளி எனப்படும். நீரின் மும்மைப் புள்ளி 0.01 °செ வெப்பநிலையிலும் ஏறக்குறைய 611.7 பாசுக்கல் அழுத்தத்திலும் உள்ளது. 2019 மே மாதம் வரை வெப்பநிலையின் அலகாகிய கெல்வின் இப்புள்ளியைக் கொண்டே வரையறுக்கப்பட்டிருந்தது. கார்பன் டைஆக்சைடின் மும்மைப் புள்ளி ஏறக்குறைய 5.1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ளது. அதனால்தான் திறந்த வெளியில் வைக்கப்படும் உலர்பனி உருகி நீர்மமாகாமல் நேரடியாக வளிமமாகிறது.

ஆவியாதல் கோடு மாறுநிலைப் புள்ளியில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீர்மத்துக்கும் வளிமத்துக்கும் வேறுபாடு இல்லை. உருகுகோட்டுக்கு அத்தகைய முடிவுப் புள்ளி எதுவும் அறியப்படவில்லை. படிகத்தில் துகள்கள் ஒழுங்கான அமைப்பிலும் நீர்மத்தில் ஒழுங்கின்றியும் இருப்பதால், ஒன்று மற்றொன்றாகப் படிப்படியாக மாற இயலாது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம் ஆகும்.

உருகுகோட்டின் சாய்வு

பெரும்பாலான பொருள்களில் திண்ம நிலையின் அடர்த்தி நீர்ம நிலையின் அடர்த்தியை விட மிகுதி. அவை உருகும்போது விரிவடைகின்றன. லீ-சாட்லியர் கொள்கையின்படி, சமநிலையில் உள்ள ஒரு பொருளின் மீது அழுத்தத்தைக் கூட்டினால் அது குறைந்த இடத்தை அடைக்கும் நிலையை நாடும். இங்கு அந்நிலை திண்மம் ஆகும். ஆகவே அதனை உருக்குவதற்கு மேலும் உயர்ந்த வெப்பநிலை தேவைப்படுகிறது. உருகுகோடு மேல்நோக்கிச் செல்லும்போது வலப்புறம் சாய்கிறது.

பனிக்கட்டி, பிசுமத், காலியம், சிலிக்கான், செருமானியம் ஆகியவை உருகும்போது சுருங்குகின்றன. இவற்றில் நீர்மமே குறைந்த இடத்தை அடைக்கும் நிலை. ஆகவே அழுத்தம் கூடும்போது உருகுநிலை தாழ்கிறது. உருகுகோடு இடப்புறம் சாய்கிறது.

சாய்வின் அளவைத் தருவது கிளாப்பிரான் சமன்பாடு. பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கிளாப்பிரான் 1834 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது வளர்ந்தது. சொற்களில் இதனைப் பின்வருமாறு எழுதலாம்:

உருகுகோட்டின் சாய்வு = உருகல் உள்ளுறை வெப்பம் ÷ (உருகுநிலை × உருகும்போது ஏற்படும் கன அளவு மாற்றம்)

இதில் உருகுநிலையைக் கெல்வினில் குறிக்க வேண்டும். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 334,000 சூல், உருகுநிலை 273.15 கெல்வின், ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 0.0000907 கன மீட்டர் குறைகிறது. இவற்றை இட்டுக் கணக்கிட்டால் சாய்வு ஒரு பாகைக்கு −1.35 கோடி பாசுக்கல் எனக் கிடைக்கும். அதாவது, பனிக்கட்டியின் உருகுநிலையை 1 °செ குறைக்க ஏறக்குறைய 133 வளிமண்டல அழுத்தம் தேவை. கூடுதலான ஒரு வளிமண்டல அழுத்தம் உருகுநிலையை 0.0075 °செ மட்டுமே குறைக்கும்.

கொதிநிலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய மாற்றம் ஆகும். அழுத்தச் சமையற்கலனில் அழுத்தம் 2 வளிமண்டல அளவாகும்போது நீரின் கொதிநிலை 100 °செ இலிருந்து 120 °செ ஆக உயர்ந்துவிடுகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது; பனிக்கட்டி உருகும்போது கன அளவு மாற்றம் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இதனால் நிலை வரைபடங்களில் உருகுகோடு கிட்டத்தட்டச் செங்குத்தாகக் காணப்படும்.

தாம்சன் உடன்பிறப்புகள்

அழுத்தம் நீரின் உறைநிலையைக் குறைக்கும் என்பது ஆய்வுக்கு முன்பே கோட்பாட்டின் வழியாகக் கண்டறியப்பட்டது. நீர் உறையும்போது விரிவடைந்து ஒரு பாரத்தைத் தூக்கவல்லது. அழுத்தம் எதுவாயினும் உறைநிலை 0 °செ ஆகவே இருந்தால், வெப்பநிலை வேறுபாடு ஏதுமின்றி வெப்பத்திலிருந்து வேலையைப் பெற்றுக்கொண்டே இருக்கலாம். இது இயலாதது ஆகையால், அழுத்தத்தின் கீழ் உறைநிலை குறைந்தே ஆகவேண்டும் என்று ஜேம்ஸ் தாம்சன் 1849 இல் கணித்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் 1850 இல் நுண்ணிய வெப்பமானியால் இதனை அளந்து உறுதிப்படுத்தினார்.

மீளுறைதல்

ஒரு பனிக்கட்டிப் பாளத்தின் மீது மெல்லிய கம்பியை இட்டு, அதன் இரு முனைகளிலும் எடைகளைத் தொங்கவிட்டால், கம்பி பனிக்கட்டியை ஊடுருவிக் கீழே வந்துவிடும். ஆனால் பாளம் இரண்டாகப் பிரிவதில்லை. கம்பிக்குக் கீழே அழுத்தம் மிகுவதால் பனி உருகுகிறது. அந்நீர் கம்பியைச் சுற்றி மேலே வந்ததும், அழுத்தம் நீங்குவதால் மீண்டும் உறைகிறது. இது மீளுறைதல் எனப்படும். மேலே நீர் உறையும்போது வெளிப்படும் வெப்பம் கம்பியின் வழியாகக் கீழே கடந்து, அங்கு பனியை உருக்கப் பயன்படுகிறது. ஆகவே வெப்பத்தை நன்கு கடத்தும் செப்புக் கம்பி நைலான் இழையை விட விரைவாக ஊடுருவும்.

0.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பனியைத் தொட, மொத்தம் 10 கிலோகிராம் எடை தொங்குவதாகக் கொண்டால், கம்பியின் கீழ் ஏற்படும் அழுத்தம் ஏறக்குறைய 20 இலட்சம் பாசுக்கல். உருகுநிலை இதனால் 0.15 °செ மட்டுமே குறையும். எனவே இச்செய்முறை 0 °செ இற்கு மிக அருகில் உள்ள பனிக்கட்டியில்தான் எளிதில் நிகழும்.

பனிச்சறுக்கு பற்றிய தவறான கருத்து

சறுக்குக் காலணியின் கூரிய அலகு தரும் அழுத்தத்தால் பனி உருகுவதாலேயே பனித்தரையில் சறுக்க முடிகிறது என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் முழு எடையும் 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குவதாகக் கொண்டால், அழுத்தம் ஏறக்குறைய 59 இலட்சம் பாசுக்கல் ஆகும். இது உருகுநிலையை 0.44 °செ அளவே குறைக்கும். ஆனால் −10 °செ வெப்பநிலையிலும் மக்கள் நன்றாகவே சறுக்குகின்றனர். ஆகவே அழுத்தம் மட்டும் இதனை விளக்கப் போதாது. உராய்வினால் தோன்றும் வெப்பமும், உருகுநிலைக்குக் கீழேயே பனியின் மேற்பரப்பில் உள்ள நீர்மத்தை ஒத்த மெல்லிய படலமும் முதன்மையான காரணங்களாக இன்று கருதப்படுகின்றன.

உயர் அழுத்தத்தில் பனிக்கட்டி

பனிக்கட்டியின் உருகுநிலை எல்லையின்றிக் குறைந்துகொண்டே செல்வதில்லை. ஏறக்குறைய 21 கோடி பாசுக்கல் அழுத்தத்தில் அது −22 °செ வரை தாழ்கிறது. அதற்கு மேல் மூன்றாம் வகைப் பனிக்கட்டி எனப்படும் வேறொரு படிக அமைப்பு தோன்றுகிறது. இது நீரை விட அடர்த்தி மிக்கது. ஆகவே இங்கிருந்து உருகுகோடு வலப்புறம் திரும்புகிறது. குஸ்டாவ் டம்மன், பெர்சி பிரிட்ஜ்மன் ஆகியோர் 20 ஆம் நூற்றாண்டில் இத்தகைய பல வகைகளைக் கண்டறிந்தனர். உயர் அழுத்த இயற்பியல் ஆய்வுகளுக்காகப் பிரிட்ஜ்மன் 1946 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஏறக்குறைய 220 கோடி பாசுக்கல் அழுத்தத்தில் பனிக்கட்டி 80 °செ வெப்பநிலையிலும் உருகாமல் இருக்கும்.

பிற சிறப்பு நிகழ்வுகள்

ஈலியம் வளிமண்டல அழுத்தத்தில் தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் உறைவதில்லை. ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம் தந்தால்தான் அது திண்மமாகும். வில்லெம் கீசம் 1926 இல் லைடனில் இதனை முதன்முதலில் செய்துகாட்டினார்.

சோடியத்தின் உருகுநிலை இயல்பான அழுத்தத்தில் 98 °செ. அழுத்தத்தோடு அது ஏறக்குறைய 700 °செ வரை உயர்ந்து, பின்னர் தாழத் தொடங்கி, 11,800 கோடி பாசுக்கல் அளவில் அறை வெப்பநிலையை நெருங்குகிறது என 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது.

புவியில் இவ்விளைவு

புவியின் வெளிக்கரு நீர்மமாக உள்ளது. அதனை விட வெப்பமான உட்கரு திண்மமாக உள்ளது. உட்கருவை 1936 இல் டென்மார்க்கு நிலநடுக்கவியலாளர் இங்கே லேமன் கண்டறிந்தார். இரும்பு வளிமண்டல அழுத்தத்தில் 1,538 °செ இல் உருகும். உட்கருவின் எல்லையில் வெப்பநிலை 5,000 கெல்வினுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டாலும், அங்குள்ள ஏறக்குறைய 33,000 கோடி பாசுக்கல் அழுத்தம் இரும்பின் உருகுநிலையை அதற்கும் மேலே உயர்த்திவிடுகிறது.

நடுக்கடல் முகடுகளில் இதற்கு எதிரான நிகழ்வு நடைபெறுகிறது. வெப்பமான மூடகப் பாறை மேலெழும்போது அதன் மீதான அழுத்தம் குறைகிறது, உருகுநிலையும் குறைகிறது. எனவே புதிதாக வெப்பம் ஏதும் தரப்படாமலேயே பாறையின் ஒரு பகுதி உருகிக் குழம்பாகிறது. கடலடி நிலத்தின் பெரும்பகுதி இவ்வாறு உருவானதே.

அண்டார்க்டிக்காவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தடிப்புள்ள பனிக்கு அடியில் வொசுத்தோக் ஏரி உள்ளது. மேலுள்ள பனியின் எடையால் அங்கு உருகுநிலை ஏறக்குறைய −3 °செ ஆகத் தாழ்ந்துள்ளது. புவியின் உள்ளிருந்து வரும் வெப்பமும், அதனை வெளியேற விடாத பனியின் தடிப்பும் சேர்ந்து அந்நீரை உறையாமல் வைத்துள்ளன.