முப்பத்தொரு ஒன்றுகள்

2147483647. நம் வழக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். ஒன்றும் இதே எண்ணும் தவிர வேறெதுவும் இதை மீதியின்றி வகுக்காது. அதாவது, இது ஒரு பகா எண்.

இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு, 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென்னின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இது எட்டாவது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்தான். ஆனால் பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கினால் கிடைத்துவிடுகிறது. இத்தாலியரான கட்டால்டி 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளும் பகா எண் தரும் என்றார். அவற்றில் 31 மட்டுமே சரி.

அதை நிரூபித்தவர் கணிதவியலாளர் ஆய்லர். 1772இல், பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்துவிட்ட நிலையில், சக கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார். நேர்வழியில் போனால் இந்த எண்ணின் வர்க்கமூலமான சுமார் 46,340 வரையுள்ள 4,792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும் என்று முதலில் கண்டுகொண்டார். சோதிக்க வேண்டியவை 400-க்கும் கீழே சுருங்கின. அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. கணிப்பொறி இல்லாத காலத்தில் நடந்த இந்தச் சுருக்கல்தான் கணிதத்தின் உண்மையான அழகு.

இந்தப் பகா எண்ணிலிருந்து ஒரு நிறைவெண்ணும் பிறக்கிறது: 2305843008139952128. தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளையும் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். 1, 2, 3 சேர்ந்து 6 ஆவதைப் போல. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் 1876இல் கணிதவியலாளர் லூக்கா 39 இலக்க மெர்சென் பகா எண்ணை நிறுவ, அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்தது.

கணிப்பொறியில் 2147483647 ஓர் எல்லைக்கல். இருநிலை எண் முறையில் இதை எழுதினால் வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகள். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரில் எல்லாக் கட்டங்களிலும் 9 நிறைந்து நிற்பது போல. 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் கட்டம்) இடத்தில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடுவதால், மிச்சமுள்ள 31இல் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டியதையொட்டி, தன் எண்ணிக்கைமானி 64 பிட்டுக்கு மாறியதாக யூடியூப் அறிவித்தது.

பல கணிப்பொறிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் நொடி நொடியாக எண்ணி வருகின்றன. அந்தக் கணக்கு இந்த எண்ணைத் தொடுவது 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. 32 பிட்டில் நேரம் வைத்திருக்கும் பழைய கருவிகளை அதற்குள் மாற்றாவிட்டால், அடுத்த நொடியில் கணக்கு கழித்தல் குறிக்குத் திரும்பி, அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும்.