ஏடும் 'ஓஹா'வும்

பிறமொழிச் சொல்லொன்றைக் கற்குங்கால் அச்சொல்லை மட்டுமா கற்கிறோம்? நம் சொல்லையும் புதிதாகக் கற்கிறோம். நூலின் உறுப்பைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ஒன்று இதனைத் தெளிவாக்கும்.

அச்சொல் 'ஓஹா'. அதன் நடுவொலி, 'கலீஃபா' என்னும் அரபுச் சொல்லின் முதலொலியை நெருங்கும். மரத்தின் இலையும் நூலின் தாளும் ஸ்பானியர்க்கு 'ஓஹா'வே. அரபியில் 'வரக்' என்பதும் இவ்விரண்டையும் உணர்த்தும். 'ஓஹா' இலத்தீன் வழிவந்தது. எனினும் காகிதக் கலையை ஸ்பெயினில் வளர்த்தோர் முஸ்லிம்களே. ஆங்குள்ள ஷாத்திபா நகரத்துக் காகிதத்தை 12ஆம் நூற்றாண்டில் நிலநூலறிஞர் அல்-இத்ரீசி புகழ்ந்துள்ளார். தாள்கட்டைக் குறிக்கும் 'ரெஸ்மா' என்னும் ஸ்பானியச் சொல், 'ரிஸ்மா' என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. நம் கடைகளில் வழங்கும் 'ரீம்' என்பதும் அக்குடும்பத்ததே.

இனித் தமிழுக்கு வருவோம். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கும். ஓலை, ஏடு, மடல், இதழ் ஆகியவற்றைப் புல்லின் உறுப்புகளாகவும், இலை, தளிர் முதலியவற்றை மரத்தின் உறுப்புகளாகவும் அது கூறும். ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டார மாணவர் நன்கறிந்த பனை, புறவயிரம் உடைமையால் புல்லினமே. இவ்வுறுப்புப் பெயர்களே பின்னர்ப் பொருள் விரிந்தன. ஓலையும் மடலும் கடிதமாயின, ஏடு நூலாயிற்று, இதழ் பத்திரிகையாயிற்று. ஸ்பானியரும் அரபியரும் ஒரு சொல்லால் குறித்ததற்கு நம்மிடம் நான்கு சொற்கள் உள்ளன.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஸ்பானியர் தாளை 'ஓஹா' என்றும், அதன் ஒருபுறத்தைப் 'பாஹினா' என்றும் வேறுபடுத்துவர். நம்மிடமும் ஏடு வேறு, பக்கம் வேறு. இன்றோ இரண்டையும் 'பேஜ்' என்று சொல்லிவிடுகிறோம். சுவடிகளில் பெரும்பாலும் எண் இடப்படுவது பக்கத்துக்கு அன்று, ஏட்டுக்கே. ஓர் ஏடு தவறின் இருபுறத்துச் செய்தியும் மறையும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஒரு சுவடியில் இல்லாததை மற்றொன்றில் தேடி ஊர் ஊராக அலைந்ததன் அருமை இதனால் விளங்கும்.

எனவே மாணவரே, உங்கள் இல்லத்துப் பரணில் பழஞ்சுவடி ஏதேனும் கிடப்பின், வரிசை குலையாமல் எடுத்து அதன் ஏடுகளை எண்ணிக் குறித்து வையுங்கள், அறிந்தோரிடம் காட்டுங்கள். அயல்மொழிச் சொல் நமக்கு நினைவூட்டும் கடமை அதுவே.