செவியும் சொல்லும்

‘பாடு’, ‘மாடு’ என்னும் சொற்களை ஒலி எழுப்பாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். இதழசைவில் வேறுபாடு தோன்றாது. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் செய்தி. மூக்கொலியே அவற்றைப் பிரிக்கிறது. வாயசைவை மட்டும் நோக்கும் செவித்திறன் குன்றிய குழந்தைக்கோ இரண்டும் ஒன்றே. ஆகவே, பேச்சுப் பயிற்சியாளர் குழந்தையின் விரலைத் தம் மூக்கின்மேல் வைத்து ‘ம்’ என நீட்டி ஒலிப்பார். அதிர்வை விரல் அறியும். கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திற்குச் செவியுடன் பார்வையும் குன்றிய குழந்தைகளும் வருகின்றனர். அவர்களுக்குத் தொடுகையே முதன்மை வழி.

பிற குழந்தைகளுக்கு, எஞ்சிய செவித்திறனைப் பழக்குவதே பயிற்சியின் அடிப்படை. பாடத்திற்கு முன் ஆசிரியர் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்னும் ஆறு ஒலிகளை எழுப்புவார். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இவற்றுள் அடங்கும். நேற்றுக் கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லையெனில் முதலில் ஐயுற வேண்டியது செவிக்கருவியை. குழந்தையின் கவனத்தை அன்று.

மொழியை மூளை எளிதாகப் பற்றும் காலம் முதல் சில ஆண்டுகளே. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா பள்ளியில் குழந்தையோடு தாயும் வகுப்பில் அமர்கிறார். வீட்டில் அரிசி களையும்போதும் பூத்தொடுக்கும்போதும் அக்குழந்தையோடு பேசப்போகிறவர் அவரே.