கருவி கையில், கேள்வி எங்கே?

பள்ளிக்கூடத்தில் 'புராஜெக்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது எது? தெர்மாகோலில் செய்த எரிமலை. வர்ண அட்டையில் ஒட்டிய சூரிய மண்டலம். கடையில் விலைக்கு வாங்கிய படத்தாள். தகப்பனார் வாங்கி வருவார், தாயார் ஒட்டுவார், அக்காள் எழுதுவாள், பிள்ளை அதைச் சுமந்து சென்று மதிப்பெண் பெற்று வரும். இன்று கணினி இந்த வேலையை இன்னும் எளிதாக்கிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் பத்துப் பக்கம் எழுதிப் படமும் போட்டுத் தருகிறது. ஆனால் அந்தப் பத்துப் பக்கங்களில் அப்பிள்ளை தானே கண்டறிந்த செய்தி ஒரு வரியேனும் உண்டா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

நான் பௌதிகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிப்பவன். ஊரை விட்டுத் தில்லிக்கு வந்து ஐந்தாண்டுகளாகின்றன. நம் மன்றத்து நண்பர் மூவரும் நானும் சென்ற ஓராண்டாகச் சனிக்கிழமைகளில் அருகிலுள்ள பள்ளி ஒன்றுக்குச் சென்று, எட்டாம் வகுப்பு மாணாக்கரும் அவர்தம் ஆசிரியையும் சிறு ஆராய்ச்சிகள் செய்வதற்குத் துணை நின்று வருகிறோம். அங்கே நாங்கள் கற்றுக்கொண்டவற்றுள் சிலவற்றை நம் மன்ற அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கருவிக்குப் பஞ்சமில்லை

விஞ்ஞானச் சோதனைக்குக் கருவி இல்லை என்று வருந்திய காலம் ஒன்று உண்டு. இன்று நிலைமை வேறு. நம் சட்டைப்பையில் உள்ள கைபேசியிலேயே முடுக்கத்தை அளக்கும் உணரி, காந்தப் புலத்தை அளக்கும் உணரி, ஒளியை அளக்கும் உணரி, ஒலிவாங்கி ஆகியவை அடங்கியிருக்கின்றன. அவற்றின் அளவீடுகளை எண்ணாகவும் கோட்டுப்படமாகவும் காட்டுவதற்கு 'ஃபைஃபாக்ஸ்' என்னும் செயலி உண்டு. ஜெர்மனியில் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டது அது. விலை கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இணையம் இல்லாத வகுப்பறையிலும் இயங்கும்.

நம் தில்லியிலேயே, அருணா ஆசஃப் அலி சாலையிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 'எக்ஸ்பைஸ்' என்ற சிறு பெட்டியை உருவாக்கியிருக்கிறது. அதைக் கணினியோடு இணைத்தால் மின்னழுத்தம், அதிர்வெண், காலம் முதலியவற்றை அளக்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்னும் இந்தியரும் அவருடைய குழுவினரும் 2014இல் அறிவித்த 'ஃபோல்ட்ஸ்கோப்', தாளை மடித்தே செய்யும் நுண்ணோக்கி. குளத்து நீர் ஒரு துளியை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் 10,000 பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே? நான் கண்ட ஒரு பள்ளியில் கருவிப் பெட்டிகள் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தன. அதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமன்று. கருவி உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டும். மார்ச்சுத் தேர்வுக்குள் பாடங்கள் முடிய வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். இவற்றோடு மற்றொரு தயக்கமும் உண்டு. அதை எங்கள் ஆசிரியையே ஒருநாள் வெளிப்படையாகச் சொன்னார்: "தம்பி, விடை எனக்கே தெரியாத கேள்வியை நான் எப்படிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது?"

"எங்களுக்கும் தெரியாது டீச்சர், எல்லாருமாகச் சேர்ந்து அளந்து பார்ப்போம்" என்றோம். ஆசிரியருக்கு வேண்டிய உதவி இதுதான் என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுப்பது அரை மணி நேர வேலை. விடை தெரியாத இடத்தில் அவரோடு துணிந்து நிற்பதற்கு ஓராண்டு வேண்டியிருக்கிறது.

கடைசி வரிசையின் வெளிச்சம்

முதற்கேள்வியைக் கேட்டவள் பின்வரிசையில் அமரும் ஒரு சிறுமி. "எங்களுக்குப் போர்டு சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் போதாதா, கண் சரியில்லையா?" என்றாள். கண்ணை மருத்துவர் பார்க்கட்டும். வெளிச்சத்தை நாம் பார்ப்போம் என்று தொடங்கினோம். வகுப்பறையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு மேசையின் மேலும் கைபேசியை மல்லாத்தி வைத்து, காலையிலும் நண்பகலிலும் ஒளியளவை எழுதினார்கள். இதற்கு ஆண்ட்ராய்டு வகைக் கைபேசியே உதவும். ஐபோனில் ஒளி உணரியின் அளவீடு இச்செயலிக்குக் கிடைப்பதில்லை.

அளந்தபோது ஒரு விந்தை. ஒரே மேசையில் ஒரு கைபேசி 180 லக்ஸ் என்றது. மற்றொன்று 260 என்றது. "எது அண்ணா சரி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் கணத்தில்தான் என்பேன். கருவி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்றால், கருவியையே சோதிப்பது எப்படி?

இருட்டறையில் ஒரு சிறு விளக்கை ஏற்றி, 50 சென்டிமீட்டர் தூரத்திலும் 100 சென்டிமீட்டர் தூரத்திலும் அளக்கச் செய்தோம். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது விதி. இரண்டு கைபேசிகளிலும் ஏறக்குறைய அவ்வாறே குறைந்தது. ஆகவே, எண் சரியா என்பதை அவை சொல்லா. ஆனால் ஒரே கைபேசியால் இரண்டு இடங்களை ஒப்பிட்டால் அவ்விகிதத்தை நம்பலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அளவை முழுவதையும் ஒரே கைபேசியால் மீண்டும் செய்தார்கள். சன்னலோர மேசைக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்கே பின்மூலைக்குக் கிடைக்கிறது என்று வண்ணமிட்ட படத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எரியாதிருந்த குழல்விளக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகும் ஒருமுறை அளந்து, எவ்வளவு கூடியது என்று எழுதி வைத்தார்கள்.

குளிரில் ஓசை மெதுவாகச் செல்லுமா?

இரண்டாவது கேள்வி தில்லிக்கே உரியது. ஓசையின் வேகம் பாடப்புத்தகத்தில் ஓர் எண்ணாக நிற்கிறது. ஆனால் சனவரிக் குளிரிலும் மே மாத வெயிலிலும் அது ஒன்றாக இருக்குமா?

முறை எளிது. தாழ்வாரத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கைபேசிகளை வையுங்கள். செயலியில் ஓசையால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. முதல் ஓசையில் ஓடத் தொடங்கும், அடுத்த ஓசையில் நிற்கும். முதற் கைபேசியின் அருகே ஒரு பிள்ளை கைதட்டினால், அது உடனே ஓடத் தொடங்கும். மற்றது ஓசை வந்து சேர்ந்த பிறகே தொடங்கும். அடுத்து, இரண்டாவது கைபேசியின் அருகே மற்றொரு பிள்ளை தட்டினால், அது உடனே நிற்கும். முதலாவது தாமதித்து நிற்கும். ஆகவே முதற் கைபேசி காட்டும் நேரம், இரண்டாவது காட்டுவதைவிட, ஓசை 20 மீட்டர் செல்லும் நேரத்தால் அதிகமாக இருக்கும். 20 மீட்டரை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

பூஜ்ய டிகிரியில் ஓசையின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். அதாவது 10 டிகிரிக் குளிரில் 337. 40 டிகிரி வெயிலில் 355. நம் 20 மீட்டருக்கு முறையே 0.059 விநாடியும் 0.056 விநாடியும் ஆகும். வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. இதைப் பிடிக்க ஒருமுறை தட்டினால் போதாது. பத்து முறை தட்டினால் பத்து எண்கள் வரும். முப்பது முறை தட்டி, சராசரி எடுத்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்றும் பார்க்க வேண்டும். சராசரி எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், அன்றைக்குக் கேட்கவில்லை.

துணை நிற்பவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும். நமக்குப் பிடித்த கருவியைக் காட்டுவதற்காகக் கேள்வியைத் தேடுவது தலைகீழ் வேலை. கருவி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நேரமாகிறது என்று நாம் பிடுங்கிச் செய்துவிட்டால் ஆராய்ச்சி நம்முடையதாகிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர வேண்டியதில்லை. எங்கள் கைபேசிகள் நான்கே நாற்பது பேருக்குப் போதுமாயின. ஒருவர் பிடிக்க, ஒருவர் தூரம் அளக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, முறை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளின் பெயரும் படமும் அதில் ஏறலாகாது. எண்களை முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். தவறிப்போன எண்ணையும் அழிக்கக்கூடாது. ஆசிரியரை முன்னிறுத்த வேண்டும். நாம் போன பிறகும் அவ்வகுப்பில் இருக்கப்போகிறவர் அவரே அன்றோ!

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இது விஞ்ஞான மாணவர்க்கு மட்டுமே உரிய பணி என்று எண்ண வேண்டாம். புள்ளியியல் பயில்வோர் சராசரியை விளக்கலாம். புவியியல் பயில்வோர் படம் வரையக் கற்பிக்கலாம். தில்லிச் சாலைகளில் 'அமல்தாஸ்' என்று நிற்பது நம் சரக்கொன்றைதான். 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில், நாட்டின் பல பகுதிகளிலும் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் இலை, பூ, காய்களை வாரந்தோறும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். இலக்கியம் பயில்வோர் கொன்றையைக் காட்டிப் பிள்ளைகளை அதில் ஈடுபடுத்தலாம்.

ஓசையின் சனவரி அளவைகள் முடிந்து நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. மே மாதம் பள்ளி விடுமுறைக்கு முன் மீண்டும் அளக்க வேண்டும். அப்போது எங்கள் நால்வருக்கும் இறுதித் தேர்வு. அதன் பிறகு யார் எந்த ஊரிலோ! எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதுக்குச் சென்று, தங்கள் கேள்வியின் மறுபாதிக்குக் காத்திருப்பார்கள். கைபேசி வைத்திருப்போர் இருவர், பத்து மீட்டர் நாடா ஒன்று, ஒரு சனிக்கிழமை காலை — இவ்வளவே தேவை. முதலாண்டு, இரண்டாமாண்டு நண்பர்கள் முன்வருவார்களாயின், வருகிற சனிக்கிழமையே உடன் அழைத்துச் சென்று ஆசிரியைக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். பேருந்துக் கட்டணம் என்னுடையது.