குழந்தையின் விடையும் ஆய்வாளரின் வினாவும்

அளவுகோல் கோணலானால் அளக்கப்படும் பொருளும் கோணலாகவே தோன்றும். மரத்தையும் துணியையும் அளப்பதிலேயே இந்நிலை என்றால், குழந்தையின் உள்ளத்தை அளப்பது எத்துணை அரிய செயல்! உளவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த ஆய்வு ஒன்றை ஈண்டு விளக்க விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896-1980) இளமையில் பாரிஸ் நகரில் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனைகள் நடத்தி வந்தார். சரியான விடைகளைக் காட்டிலும் தவறான விடைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒத்த வயதுக் குழந்தைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்வது ஏன் என்ற சிந்தனையே பின்னர் அவருடைய வளர்ச்சிக் கொள்கைக்கு வித்தாயிற்று.

அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்றைக் காண்போம். சம எண்ணிக்கையுள்ள வில்லைகளை இரு வரிசைகளாக எதிரெதிரே அடுக்குவர். “இரண்டும் சமமா?” என்று கேட்டால், குழந்தை “சமம்” என்னும். பின்னர், அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை அகலப் பரப்பிவிட்டு, அதே வினாவை மீண்டும் கேட்பர். ஆறேழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர், நீண்ட வரிசையிலேயே வில்லைகள் அதிகம் என்பர். தோற்றம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்னும் அறிவு அவ்வயதில் முதிரவில்லை என்பது பியாஜே கண்ட முடிவு.

இம்முடிவை ஐயுற்றவர்களுள் ஒருவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் டொனால்ட்சன். அவரும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றை மட்டும் மாற்றினர். வரிசையைக் கலைத்தவர் ஆய்வாளர் அல்லர்; பெட்டியிலிருந்து வெளிவந்த குறும்புக்காரக் கரடி பொம்மை! மற்றவை யாவும் முன்போலவே இருந்தன. ஆயினும், 4 முதல் 6 வயது வரையுள்ள அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் “சமம்” என்று சரியாகவே கூறினர்.

காரணம் என்ன? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு, முன்பு கேட்டதையே மீண்டும் கேட்டால், “இவர் வேறு விடையை எதிர்பார்க்கிறார் போலும்” என்று குழந்தை கருதுவது இயல்பன்றோ? அதே 1974-இல் ரோஸ், பிளாங்க் என்னும் இருவர், வரிசையைப் பரப்பிய பின்னர் ஒரே ஒருமுறை மட்டும் வினவியபோது தவறுகள் குறைந்ததைக் கண்டனர்.

கரடியின் குறும்பில் மனம் சென்றதால், குழந்தைகள் வரிசை மாறியதையே கவனியாதிருக்கலாம் என்று பின்னாளில் மறுத்தோரும் உளர். ஆகவே, பியாஜேயின் கொள்கை வீழ்ந்தது என்று முரசறைய வேண்டுவதில்லை. ஆய்வாளரும் அவர் வினவும் முறையும் சோதனைக்குப் புறம்பானவை அல்ல என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது வைத்து ஒப்பிட்டதால்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது. ஆய்வுமுறையின் சிறப்பு அதுவே.

நாளை நம்முள் பலர் ஆசிரியர்களாவோம். அனைவரும் பெற்றோராகவோ உற்றாராகவோ குழந்தைகளிடம் வினாத் தொடுப்போம். “இதற்கு ஒன்றும் தெரியவில்லை” என்று ஒரு பிஞ்சு உள்ளத்தின்மீது முத்திரை குத்துமுன், நாம் கேட்ட வினாவை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக!