பழைய சி.என்.சி. மெஷினுக்கு வைஃபை: லேப்டாப் அலைச்சல் தீருமா?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கடலூர் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் சேருபவர் அங்கே 25 வருஷப் பழைய சி.என்.சி. மெஷினைப் பார்க்கலாம். பலவற்றில் யு.எஸ்.பி. இருக்காது, ஆர்.எஸ்.-232 போர்ட் மட்டும்தான்.

1960-ல் வந்த தரம் அது. கேபிள் சுமார் 15 மீட்டரைத் தாண்டினால் டேட்டா பிசகலாம். அதனால்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக அலைய வேண்டியிருக்கிறது.

தீர்வு என்ன?

போர்ட்டில் சீரியல்–வைஃபை கன்வெர்ட்டரை மாட்டலாம். பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும். இல்லாவிட்டால் புரோகிராம் ஏறாது, அலாரம்தான் வரும். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் கனெக்டர் பின் அரிக்கிறதா என்றும் பார்க்கணும்.

எங்கே உஷார்?

மெஷின் மெமரியில் அடங்காத புரோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே வெட்டுவதுதான் ‘டிரிப் ஃபீட்’. நடுவில் வைஃபை விட்டுப்போனால் டூல் பாதியில் நிற்கும், ஜாப்பில் தழும்பு விழும். முழு ஃபைலையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளும் கருவியே பாதுகாப்பு.

ஆபீஸ் வைஃபையை அப்படியே மெஷினுக்குக் கொடுத்துடாதீங்க. தனி நெட்வொர்க் வேண்டும். 2018-ல் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலைகள் முடங்கியது, வைரஸ் சோதனை செய்யாமல் இணைத்த ஒரு புது மெஷினால்தான்.